சிப் நின்று போனால் என்ன செய்வது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் கேட்கும் கேள்விகள் பலவிதம். நான்கைந்து வருடம் கழித்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது. ரேம் மட்டும் கூடுதலா போடலாம்னு போனா, இந்த ரேம் இப்ப வர்றதில்லைன்னு கடைக்காரர் சொல்றார். ஏன் வராது?"

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. தயாரிக்கும் கம்பெனியே நிறுத்திவிட்டால் அவர் எங்கே போய் வாங்குவார்? உங்களுக்கு இது ஒரு ரேம் பிரச்சினை. எலக்ட்ரானிக் பொருட்களைத் தயாரிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது வருடம் முழுவதும் இருக்கும் தலைவலி. அந்தத் தலைவலியைக் கொஞ்சம் புரிந்துகொண்டால், அடுத்த முறை நீங்கள் கடைக்குப் போகும்போது கேட்க வேண்டிய கேள்விகள் தானாகவே தெரியும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு வேலை புதுச்சேரி சேதராப்பட்டு தொழிற்பேட்டையில், ஒரு சிறிய எலக்ட்ரானிக்ஸ் யூனிட்டில். பர்ச்சேஸ் முழுவதும் என் பொறுப்பு, டிசைன் வேலையில் பாதியும் என் பொறுப்பு. சிறிய கம்பெனி என்றால் அப்படித்தான். கிராமத்துப் பால் சொசைட்டிகளில் வைக்கும் கன்ட்ரோல் பாக்ஸ் எங்கள் தயாரிப்பு. காலையில் பால் கொண்டு வருபவரின் எடை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, ரேட் எவ்வளவு என்று கணக்குப் போட்டு ஒரு சீட்டு அடித்துக் கொடுக்கும். அந்தச் சீட்டை வைத்துத்தான் பணம். பாக்ஸ் நின்று போனால் சொசைட்டி செயலாளர் மறுபடி நோட்டுப் புத்தகத்தை எடுக்க வேண்டும். அப்புறம் 200 மில்லி குறைந்தது, பாயிண்ட் குறைந்தது என்று தினமும் பஞ்சாயத்துதான்.

சேதராப்பட்டு என்றதும் பழைய வாசகர்கள் சிலருக்கு இன்னொன்று ஞாபகம் வரும். எச்.சி.எல். இன்ஃபோசிஸ்டம்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. 2000-களில் எச்.சி.எல். பிசி வாங்கியவர்கள் பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரைப் பார்த்திருந்தால் புதுச்சேரி முகவரியைப் படித்திருப்பீர்கள். வரிச் சலுகை காரணமாக விப்ரோ, ஏசர், லெனோவா எல்லாமே புதுச்சேரியில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தார்கள். 2013-ல் எச்.சி.எல். இன்ஃபோசிஸ்டம்ஸ் கம்ப்யூட்டர் தயாரிப்பிலிருந்து விலகுவதாக முடிவு செய்தது. லெனோவா தன் புதுச்சேரி ஆலையில் வருடத்துக்கு 50,000 ஏ.ஐ. சர்வர்கள் தயாரிக்கப் போவதாக 2024-ல் அறிவித்தது. ஆக, ஊருக்கும் கம்ப்யூட்டருக்கும் உறவு விட்டுப் போகவில்லை.

ஒரு சிப் ஏன் நிற்கிறது?

டவுன் பஸ் ரூட் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் ஏறும் வரை பஸ் ஓடும். ஆள் குறைந்தால் ட்ரிப்பைக் குறைப்பார்கள். ஒருநாள் ரூட்டையே எடுத்துவிடுவார்கள். அந்த பஸ்ஸை நம்பி வீடு கட்டியவர் பாடு அவர் பாடு. சிப் விஷயமும் இதேதான்.

சிப்புகள் வட்டமான சிலிக்கான் தகடுகளின் மேல், ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் தயாராகின்றன. அந்தத் தகட்டின் அளவு காலப்போக்கில் பெரிதாகிக்கொண்டே வந்தது. புதிய தகட்டுக்குப் புதிய மெஷின். பழைய மெஷின்கள் இருக்கும் லைனை மூடும்போது, அந்த லைனில் மட்டும் ஓடிய சிப்புகளும் சேர்ந்து மூடப்படுகின்றன. மாதம் பத்து லட்சம் விற்கும் சிப் என்றால் புதிய லைனுக்கு மாற்றிக்கொள்வார்கள். மாதம் ஆயிரம் விற்கும் சிப்புக்கு யார் செலவு செய்வார்கள்?

சட்டத்தாலும் நிற்கும். ஐரோப்பிய யூனியன் 2006 ஜூலை 1 முதல் எலக்ட்ரானிக் பொருட்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தது. அதுவரை சால்டரிங் ஈயத்திலும் சிப் கால்களின் பூச்சிலும் ஈயம் கலந்திருந்தது. எல்லாக் கம்பெனிகளும் ஈயமில்லாத பூச்சுக்கு மாறின. சரியாக விற்காத பல பாகங்களை மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். விபத்தாலும் நிற்கும். 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோக்கா நகரில் ஏ.கே.எம். கம்பெனியின் சிப் ஆலை தீப்பிடித்தது. ஆடியோ கருவிகள் செய்யும் உலகக் கம்பெனிகள் பல, அந்த ஒரு தீயால் தங்கள் சர்க்யூட்டையே மாற்ற வேண்டி வந்தது. கம்பெனியைக் கம்பெனி வாங்கும்போதும் சில சிப்புகள் காணாமல் போகும். இரண்டு பேரும் ஒரே மாதிரி சிப் செய்தால் ஒன்றை நிறுத்திவிடுவார்கள்.

வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதைக் கவனியுங்கள். 555 என்று ஒரு டைமர் சிப். 1972-ல் சிக்னெடிக்ஸ் கம்பெனி கொண்டு வந்தது. இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கிறது, ஒரு டீ விலைக்கு. ஆனால் 2005-ல் வந்த பிசி மதர்போர்டின் சிப்செட்டைப் புதிதாக வாங்கவே முடியாது. 555-ஐப் பல கம்பெனிகள் செய்கின்றன, ஆயிரம் விதமான பொருட்களில் போடுகிறார்கள். சிப்செட் ஒரே கம்பெனியுடையது, ஒரே தலைமுறை மதர்போர்டுக்கு மட்டும் பொருந்துவது. மதர்போர்டு ரிப்பேர் என்று கொண்டு போனால் "புதுசா வாங்கிடுங்க" என்று மெக்கானிக் சொல்வதற்கு முக்கிய காரணங்களில் இது ஒன்று. அவர் சோம்பேறி என்று நினைக்க வேண்டாம்.

இன்டெலின் 386 பிராசசர் தெரியுமல்லவா? 1985-ல் வந்தது. பிசி-யிலிருந்து 90-களிலேயே காணாமல் போய்விட்டது. ஆனால் இன்டெல் அதை 2007 செப்டம்பர் வரை தயாரித்துக்கொண்டுதான் இருந்தது. தொழிற்சாலை மெஷின்கள், கருவிகள் இவற்றில் போட ஆள் இருந்தது. பிசி உலகத்தின் ஆயுள் கணக்கு வேறு, மெஷின் உலகத்தின் ஆயுள் கணக்கு வேறு.

வருகிறது கடிதம்

நல்ல கம்பெனிகள் சொல்லாமல் நிறுத்துவதில்லை. முதலில் டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி வரும்: 'புதிய டிசைன்களுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை.' சிப் கிடைக்கும், ஆனால் புதிதாக இதை நம்பி எதையும் ஆரம்பிக்காதே என்று அர்த்தம். கல்யாண வீட்டில் பந்தி முடியும்போது இலையை எடுக்க ஆரம்பிப்பார்களே, அந்த மாதிரி ஒரு ஜாடை. இந்த ஜாடையைக் கவனிப்பவர்களுக்கு நேரம் கிடைக்கும்.

அடுத்தது நிறுத்தம் பற்றிய முறையான அறிவிப்பு. சிப் தொழிலில் ஜெடெக் என்ற அமைப்பு வகுத்த நடைமுறை இருக்கிறது. அறிவிப்பு வந்த நாளிலிருந்து கடைசி ஆர்டர் கொடுக்கப் பொதுவாக 6 மாதம். கடைசி சரக்கு வந்து சேர 12 மாதம். இந்தக் கடைசி ஆர்டருக்கு 'லாஸ்ட் டைம் பை' என்று பெயர். கேட்க மரியாதையாக இருக்கிறது. ஆனால் இந்தக் கடிதம் கம்பெனியிடமிருந்து மொத்த டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போய், அவரிடமிருந்து சின்ன டீலருக்கு வந்து, அவர் ஞாபகம் வைத்து எங்களுக்குச் சொல்லும்போது, 6 மாதத்தில் எத்தனை மாதம் மிச்சமிருக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். அதனால் நான் கடிதத்துக்குக் காத்திருப்பதில்லை. எங்கள் பாக்ஸில் இருக்கும் ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் ஒரு எக்செல் ஷீட்டில் போட்டு வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றையும் கம்பெனியின் வெப்சைட்டில் பார்த்து, நிலைமை என்ன என்று பக்கத்தில் குறித்துவிடுவேன். ஒரு நாள் வேலை. டீ குடித்துக்கொண்டே முடித்துவிடலாம்.

பெரிய கம்பெனிகள் இதற்கென்றே சாஃப்ட்வேர் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஐ.இ.சி. 62402 என்று சர்வதேசத் தரநிலையே இருக்கிறது. 2007-ல் வந்தது, 2019-ல் புதுப்பித்தார்கள். அதைப் படிக்கும் பொறுமை எல்லோருக்கும் இருக்காது. சாரம் என்னவோ எங்கள் எக்செல் ஷீட்தான்.

எத்தனை வாங்குவது?

கடைசி ஆர்டர் கொடுப்பது ஒரு விசித்திரமான கணக்கு. உதாரணத்துக்கு வட்டமான எண்களில் போட்டுக் காட்டுகிறேன். மாதம் 60 பாக்ஸ் விற்கிறது. புது சிப்பை வைத்து டிசைனை மாற்ற 8 மாதம் ஆகும். அதற்கு 480 சிப் வேண்டும். ஊரெல்லாம் ஏற்கெனவே 3,000 பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டில் இடி, மின்னல், வோல்டேஜ் என்று சிப் போகிறது. வருடம் 60. ஏழு வருடம் சர்வீஸ் கொடுப்பதாகச் சொல்லியிருந்தால் 420. மொத்தம் 900. சேதத்துக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 945. சிப் ஒன்று 60 ரூபாய் என்றால் 56,700 ரூபாய்.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஒரு பாக்ஸில் ஒரு சிப் மட்டுமா இருக்கிறது? இது ஒரே சிப்புக்கான பணம், அதுவும் ஏழு வருடத்துக்கு அலமாரியில் தூங்கப் போகிற பணம். இரண்டு மூன்று பாகங்கள் ஒரே வருடத்தில் நின்றால், சின்னக் கம்பெனியில் சம்பளம் போட வைத்திருக்கும் பணத்தில் கை வைக்க வேண்டும். அதற்குப் பயந்து குறைத்து வாங்கினால் இன்னொரு பக்கம் அடி. 60 ரூபாய் சிப் ஒன்று இல்லாமல் 15,000 ரூபாய் பாக்ஸ் பேக்கிங் டேபிளிலேயே உட்கார்ந்திருக்கும். பாக்ஸ் போகாவிட்டால் பில் இல்லை. பில் இல்லாவிட்டால் அசெம்பிளி லைனில் இருக்கும் பெண்களுக்கு வேலை இல்லை. சேதராப்பட்டிலும் சுற்று வட்டார கிராமங்களிலும் இருந்து சைக்கிளிலும் ஷேர் ஆட்டோவிலும் வருபவர்கள் அவர்கள். "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று அவர்களிடம் சொல்ல வேண்டிய நிலைமை எந்த பர்ச்சேஸ் ஆளுக்கும் வரக்கூடாது.

வாங்கி வைப்பதிலும் விஷயம் இருக்கிறது. புதுச்சேரி கடற்கரை ஊர். காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். சிப் கால்கள் கறுத்துவிட்டால் சால்டர் பிடிக்காது. காற்றுப் புகாத கவரில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ஈரம் காட்டும் அட்டையையும் உள்ளே வைத்து மூட வேண்டும். புது ஷூ பெட்டியில் சின்னப் பொட்டலம் ஒன்று வருமே, அதே சிலிக்கா ஜெல்தான்.

எங்கள் 89சி51 கதை

எங்கள் முதல் பாக்ஸின் மூளை அட்மெல் கம்பெனியின் ஏடி89சி51 என்ற மைக்ரோகன்ட்ரோலர். 2000-களில் இன்ஜினியரிங், டிப்ளமோ படித்தவர்கள் யாரும் இதைத் தொடாமல் ப்ராஜெக்ட் முடித்திருக்க மாட்டார்கள். 40 கால்கள். உள்ளே 4 கிலோபைட் ஃப்ளாஷ் மெமரி. நீங்கள் போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவின் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அதற்குள்தான் பால் கணக்கு முழுவதும்.

அந்த சிப்பின் டேட்டாஷீட்டில் ஒருநாள் அந்த வரி வந்தது: புதிய டிசைன்களுக்கு வேண்டாம், ஏடி89எஸ்51-ஐப் பயன்படுத்துங்கள். 'சி' போய் 'எஸ்' வந்துவிட்டது. 40 கால்களும் அதே இடத்தில். நம் புரோகிராமும் அப்படியே ஓடும். இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்? போர்டில் ஒரு கம்பியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. புரோகிராமை சிப்புக்குள் ஏற்ற ஒரு கருவி வேண்டும். எங்களிடம் இருந்த கருவிக்கு 89சி51 தெரியும், 89எஸ்51 தெரியாது. சிப்பைச் செருகியதும் 'டிவைஸ் நாட் ஃபவுண்ட்' என்றது. அந்தக் கருவியைச் செய்தவர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார், சாஃப்ட்வேருக்கு அப்டேட் கிடையாது. போதாததற்கு அது பிரிண்டர் போர்ட்டில் மாட்டுவது, விண்டோஸ் 98-ல் மட்டும் ஓடுவது. அதற்காகவே ஒரு பழைய பென்டியம் பிசியை மூலையில் துணி போர்த்தி வைத்திருந்தோம். சிப் மாறியதால் கருவி மாறியது. புது கருவி யு.எஸ்.பி. என்பதால் பிசி மாறியது. பிசி மாறியதால் அதில் இருந்த பழைய கம்பைலர் ஓடவில்லை. ஒரு சிப்பின் ஒரு எழுத்து மாறியதற்கு இத்தனை வேலை. எல்லாம் ஓய நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் ஓடியது நாங்கள் முன்கூட்டி வாங்கி வைத்திருந்த 89சி51 சரக்கில்தான்.

அட்மெல் கம்பெனியை 2016-ல் மைக்ரோசிப் கம்பெனி வாங்கிவிட்டது. வாங்கும் ஆள் இருக்கும் வரை பழைய சிப்பை நிறுத்துவதில்லை என்பதை மைக்ரோசிப் ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறது. பர்ச்சேஸ் ஆட்கள் அந்தக் கம்பெனி பெயரைக் கேட்டால் முகம் மலர்வதற்கு அதுதான் காரணம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்குமே!

கிடைக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்காதது இல்லை. ஆனால் கிடைப்பது எது என்பதுதான் கேள்வி. நின்று போன சிப்புக்கு மவுசு ஏறும். மவுசு ஏறினால் போலி வரும். பழைய போர்டுகளைக் குவியலாக வாங்கி, சூடு காட்டிச் சிப்புகளைப் பிடுங்கி, மேலே இருக்கும் எழுத்தைத் தேய்த்து அழித்து, கறுப்புப் பூச்சு பூசி, புது எழுத்து அடித்து விற்கிறார்கள். உள்ளே இருப்பது வேறு சிப்பாகவும் இருக்கலாம், காலியாகவும் இருக்கலாம்.

இது சின்ன ஆட்களுக்கு மட்டும் வரும் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். அமெரிக்க செனட்டின் ராணுவக் குழு 2012-ல் வெளியிட்ட விசாரணை அறிக்கையில், ராணுவத்துக்கான சப்ளையில் போலி என்று சந்தேகப்பட்ட சுமார் 1,800 சம்பவங்கள், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பாகங்கள் கணக்கில் வந்தன. அதற்கும் முன்னால், 2002-ல், நாசா ஆட்களே இன்டெல் 8086 சிப்புகளை இ-பே தளத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள். விண்வெளி ஓடத்தின் பூஸ்டர் ராக்கெட்டைச் சோதிக்கும் கருவியில் அந்த 1978 மாடல் சிப் இருந்தது. பழைய மருத்துவக் கருவிகளை மொத்தமாக வாங்கி அதிலிருந்து சிப் எடுத்தார்கள். நாசாவுக்கே அப்படி!

ஒருமுறை ஒரு டீலரிடம் பழைய 89சி51 இருக்கிறது என்றதும் முதலில் பத்து மட்டும் வாங்கி வந்தேன். வழக்கம் அது. பஞ்சில் அசிட்டோன் நனைத்து, அதாவது நகப்பாலிஷ் நீக்கும் திரவம், சிப்பின் மேல் தேய்த்தேன். நிஜ எழுத்து போகாது. இதில் எழுத்தோடு கறுப்பும் சேர்ந்து பஞ்சில் வந்தது. அடுத்து சிப்புக்குள் கம்பெனியே பதித்து வைத்திருக்கும் அடையாள எண்ணைப் படித்துப் பார்த்தேன். அட்மெல் என்றால் முதல் எண் 1இ என்று வர வேண்டும். பத்தில் ஆறு சிப் வேறு எதையோ சொன்னது. மீதிச் சரக்கை வாங்கவில்லை.

இன்னொரு சோதனையை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். ரேம் குச்சியிலோ பழைய மதர்போர்டிலோ சிப்பின் மேல் பாருங்கள். பல கம்பெனி சிப்புகளில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 0635 என்றால் 2006-ம் வருடம் 35-வது வாரம் தயாரித்தது. நின்று போனதாகக் கம்பெனி அறிவித்த தேதிக்குப் பிந்தைய வருடம் அச்சடித்திருந்தால் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டுமா?

டிசைன் செய்யும்போதே

நின்ற பிறகு ஓடுவதைவிட, நிற்க வாய்ப்பு குறைந்த பாகமாகப் பார்த்துப் போடுவது நல்லது. எங்கள் பாக்ஸில் இரண்டு வரி எழுத்து காட்டும் எல்சிடி இருக்கிறது. இந்த வகை எல்சிடி-யை ஓட்டும் சிப்பை முதலில் செய்தது ஹிட்டாச்சி, எச்டி44780 என்ற பெயரில். பிறகு பல கம்பெனிகள் அதே கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் சிப்புகளைச் செய்தார்கள். யாருடைய எல்சிடி-யை வாங்கி மாட்டினாலும் எழுத்து வரும். இதுவரை எல்சிடி-க்காக நான் தூக்கம் கெட்டதில்லை. அதற்குப் பதில் அழகாக இருக்கிறது என்று கலர் டிஸ்ப்ளே போட்டவர்கள், ஒவ்வொரு வருடமும் மாடல் மாறி அவதிப்படுகிறார்கள்.

இஸ்ரோ செய்தது இன்னும் ஒரு படி மேலே. ராக்கெட்டை ஓட்டும் பிராசசரை வெளியில் நம்பியிருக்காமல் தானே டிசைன் செய்து, மொகாலியில் இருக்கும் செமிகண்டக்டர் லேபரட்டரியில் தயாரித்துக்கொண்டது. விக்ரம்1601 என்ற 16 பிட் பிராசசர் 2009 முதல் நம் ராக்கெட்டுகளில் பறக்கிறது. அதன் 32 பிட் அடுத்த தலைமுறை விக்ரம்3201. பி.எஸ்.எல்.வி. சி60 பயணத்தில் சோதித்தார்கள், 2025-ல் வெளியிட்டார்கள். 180 நானோமீட்டர் தொழில்நுட்பம், இன்றைய செல்போன் சிப்போடு ஒப்பிட்டால் மிகப் பழசு என்று சிலர் கேலி பேசினார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ராக்கெட்காரருக்கு வேண்டியது பத்து வருடம் கழித்தும் அதே சிப் அதே மாதிரி கிடைப்பது. பர்ச்சேஸில் ஒரு வருடம் உட்கார்ந்தவர்கள் கேலி பேச மாட்டார்கள்.

சரி, உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவோம்

முதலில் ரேம். டிடிஆர்4 ரேமை நிறுத்தப் போவதாகப் பெரிய தயாரிப்பாளர்கள் 2025-ல் வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். உடனே என்ன நடந்தது தெரியுமா? 2025 ஜூனில் மொத்தச் சந்தையில் பழைய டிடிஆர்4, புதிய டிடிஆர்5-ஐவிட விலை ஏறியது. நான் மேலே சொன்ன லாஸ்ட் டைம் பை-யின் நேரடி விளைவு இது. பிறகு ஏ.ஐ. சர்வர்களுக்காக எல்லா ரேமுக்கும் தட்டுப்பாடு வந்தது. 2025 டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, வீட்டு உபயோகத்துக்கான தன் க்ரூசியல் பிராண்டையே விட்டு விலகுவதாக அறிவித்துவிட்டது. உங்களுடையது டிடிஆர்4 மெஷின், இன்னொரு 8 ஜிபி என்றாவது போடத்தான் போகிறீர்கள் என்றால், தள்ளிப்போட்டு விலை இறங்கும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. நின்று போகும் பாகம் விலை இறங்கி நான் பார்த்ததில்லை. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் கால்கள் 288 என்றாலும் நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில். ஒன்றின் இடத்தில் மற்றது போகாது, அழுத்தி முயற்சிக்க வேண்டாம். லேப்டாப் என்றால் வாங்கும் முன்பே கேளுங்கள்: ரேம் கழற்றி மாட்டுவதா, போர்டிலேயே சால்டர் செய்ததா? சால்டர் செய்தது என்றால் இந்தப் பத்தி முழுவதும் உங்களுக்குப் பொருந்தாது, வாங்கும்போதே தேவையான அளவு எடுத்துவிடுங்கள்.

டெஸ்க்டாப் அசெம்பிள் செய்பவர்கள் பிராசசர் சாக்கெட்டையும் பாருங்கள். ஏ.எம்.டி-யின் ஏஎம்4 சாக்கெட் 2016-ல் வந்தது. 2024-ல்கூட அதற்குப் புதிய பிராசசர் வெளியிட்டார்கள். இன்டெல் பக்கம் 2020, 2021, 2024 என்று சாக்கெட் மாறிக்கொண்டே இருந்தது. எது வேகம் என்பது வேறு விவாதம். நாளைக்கு போர்டு போனால் இன்னொரு போர்டு கிடைக்குமா என்பது மட்டும் இங்கே பேச்சு. பவர் சப்ளை, கேபினெட் இவற்றில் பயமில்லை. ஏ.டி.எக்ஸ். என்ற அளவு 1995-ல் வந்தது, இன்றைக்கும் அதே திருகு துளைகள். தேதி, நேரம் மாறி மாறி வருகிறதா? சிஆர்2032 பட்டன் பேட்டரியை வாட்ச் கடையிலேயே வாங்கி மாட்டலாம். எல்லா பாகமும் அந்த பேட்டரி மாதிரி இருந்தால் எனக்கு வேலையே இருக்காது.

கடைசியாக, பழைய கருவிகளைப் புது கம்ப்யூட்டரில் மாட்டுபவர்களுக்கு. எங்கள் பால் பாக்ஸ் பழைய 9 பின் சீரியல் போர்ட்டில்தான் பேசும். புது கம்ப்யூட்டரில் அந்தப் போர்ட் இல்லை. பில்லிங் மெஷின், பழைய மோடம் வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைமை. யு.எஸ்.பி-யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கேபிள் வாங்குவார்கள். மலிவான கேபிள்களில் புரோலிஃபிக் கம்பெனியின் பிஎல்2303 வகை சிப் அல்லது அதன் போலி இருக்கும். இந்த வகையில் எச்எக்ஸ்ஏ என்ற பழைய மாடலைக் கம்பெனி நிறுத்திவிட்டது, புது விண்டோஸுக்கான டிரைவரும் அதற்கு வேலை செய்யாது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் முக்கோணத்தோடு, 'பிஎல்2303எச்எக்ஸ்ஏ 2012 முதல் நிறுத்தப்பட்டது, உங்களுக்கு விற்றவரைத் தொடர்பு கொள்ளவும்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று பயந்து எங்களுக்கு போன் செய்த சொசைட்டிகள் ஏராளம். சிப் நின்று போன செய்தி நேரடியாக உபயோகிப்பவர் ஸ்கிரீனில் வருவதை நான் இங்கே மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

இந்தச் செய்தி வந்தால் விண்டோஸை மறுபடி போட வேண்டாம், பழைய டிரைவரைத் தேடி முகம் தெரியாத வெப்சைட்டுகளிலும் இறங்க வேண்டாம். கேபிளை மாற்றுங்கள், போதும். கடையில் வாங்கும்போதே உள்ளே என்ன சிப் என்று கேளுங்கள். எஃப்.டி.டி.ஐ. சிப் போட்டது விலை கூடுதல். அதிலும் போலி உண்டு. 2014-ல் அந்தக் கம்பெனியே விண்டோஸ் அப்டேட் வழியாக அனுப்பிய ஒரு டிரைவர் போலி சிப்புகளை முடக்கிவிட்டுப் பெரிய கூச்சல் ஆனது. டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் கேபிளே இல்லாமல், மதர்போர்டில் செருகும் சீரியல் போர்ட் கார்டு ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். எங்கள் சொசைட்டிகளுக்கு இப்போது நாங்கள் சொல்வது அதைத்தான். சில புது மதர்போர்டுகளில் வெளியே போர்ட் இல்லாவிட்டாலும் போர்டின் மேல் காம்1 என்று எழுதிய பத்து குழி கொண்ட சின்ன இணைப்பு இருக்கும். ஒன்பது ஊசி, ஒரு இடம் காலி. அதற்குப் பொருத்தமான ஒயர் வாங்கி மாட்டினால் முடிந்தது. ஒயர் வாங்கும் முன் மதர்போர்டு மேனுவலில் அந்த ஊசிகளின் வரிசையைப் பார்த்துவிடுங்கள், இரண்டு விதமான வரிசை புழக்கத்தில் இருக்கிறது.